மூளையின் தூதுவரைத் தேடிய அறிஞர்

சித்திரை, வைகாசித் திங்களின் கடுவெயிலில் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வெப்பநிலை சில நாள்களில் 40 பாகை செல்சியசையும் கடந்துவிடுகின்றது. மார்கழித் திங்களின் வைகறையில் அவ்வூர்களிலேயே அஃது ஏறத்தாழ 20 பாகையளவுக்கு இறங்குகின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலையருகே நின்று உழைக்கும் தொழிலாளரோ ஆண்டு முழுவதும் அனலிலேயே காலங்கழிக்கின்றனர். ஆயினும், உடல்நலமுடைய ஒருவர் வாயில் வெப்பமானியை வைத்துப் பார்ப்பின், கோடையாயினும் பனிக்காலமாயினும், உலையருகாயினும் மரநிழலாயினும், அஃது ஏறத்தாழ 37 பாகையையே காட்டும். புறவெப்பம் ஏறியும் இறங்கியும் அலைந்திட, அகவெப்பம் மட்டும் நிலைபெயராது நிற்றல் வியப்பன்றோ!

ஓணானும் பாம்பும் வெயிலில் கிடந்தால் சூடேறும். நிழலில் கிடந்தால் குளிரும். பறவைகளும் பாலூட்டிகளும் அத்தகையன அல்ல. வெம்மை மிகும்போது அவற்றின் தோலடிக் குருதிக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியேற்றுகின்றன. மனிதனுக்கு வியர்வை பெருகுகின்றது. நாய் நாவைத் தொங்கவிட்டு இளைக்கின்றது. குளிர் மிகும்போது அக்குழாய்கள் சுருங்குகின்றன. தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. இச்செயல்கள் அனைத்தையும் மூளையின் அடிப்புறத்தில் அமைந்த ஹைபோதலாமஸ் என்னும் சிறுபகுதி ஆட்சி செய்கின்றது. இவ்வுண்மை பலகாலம் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால், அவ்வரசு தன் ஆணைகளை எத்தூதுவர் வாயிலாகச் செலுத்துகின்றது என்பதை ஒருவரும் அறிந்திலர். அத்தூதுவர் சில வேதிப்பொருள்களே என ஆய்ந்து காட்டிய பேரறிஞர் வில்கெல்ம் பெல்ட்பர்க் ஆவார்.

பிறப்பும் கல்வியும்

செருமனி நாட்டின் பெருந்துறைமுகம் ஆம்பர்க்கு நகரம். ஆங்கு 1900ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள், வணிகத்தால் வளம்பெற்ற யூதக் குடும்பம் ஒன்றில் பெல்ட்பர்க் தோன்றினார். வணிகம் வாயிலாக வரும் செல்வம் அவர் முன் இருந்தது. எனினும் அவருள்ளம் மருத்துவக் கல்வியையே நாடிற்று. ஐடல்பர்க்கு, மியூனிக்கு, பெர்லின் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் பயின்று, 1925ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே கேத்தரின் என்னும் மங்கையை மணந்து இல்லறம் ஏற்றார்.

பட்டம் பெற்ற பின்னர்ப் பிணிதீர்க்கும் தொழிலில் அவர் இறங்கினாரல்லர். உடல் இயங்கும் முறையை அறிதலே தம் வாழ்வின் பணி எனத் தெளிந்து, மனைவியுடன் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் வல்லுநர் இலாங்கிலியிடமும், பின்னர் இலண்டனில் என்றி தேல் என்னும் பேராசானிடமும் ஆய்வுமுறை பயின்றார். இரண்டாண்டுகள் கழித்துத் தாய்நாடு திரும்பிப் பெர்லின் உடலியல் நிலையத்தில் பணியேற்றார். தேலிடம் கற்ற அக்குறுகிய காலமே பிற்காலத்தில் அவர் வாழ்வைக் காக்கும் அரணாயிற்று.

வேதியியல் தூதுவர்

நரம்பு என்பது செய்தி செல்லும் பாதை. ஒரு நரம்பின் முனை தசையையோ மற்றொரு நரம்பணுவையோ நெருங்கும் இடத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அவ்விடைவெளியைச் செய்தி எவ்வாறு கடக்கின்றது? மின்பொறிபோல் தாவிச் செல்கின்றது என்றனர் ஒரு சாரார். நரம்பின் முனையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளே செய்தியைச் சுமந்து செல்கின்றது என்றனர் மற்றொரு சாரார்.

1921ஆம் ஆண்டில் ஆட்டோ இலேவி என்னும் அறிஞர் இரண்டு தவளை இதயங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினார். முதல் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அவ்விதயத்தில் இருந்த உப்பு நீர்மத்தை எடுத்து இரண்டாம் இதயத்தினுட் செலுத்தினார். நரம்பு தூண்டப்பெறாத அவ்விரண்டாம் இதயமும் துடிப்புக் குறைந்தது. நரம்பின் ஆணையை நீர்மத்தில் கரைந்த ஒரு பொருளே சுமந்து சென்றது என்பது இதனால் விளங்கிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் அறியப்பட்டது.

ஆயின், இப்பொருள் மிகச் சிறிய அளவிலேயே சுரக்கும். சுரந்த நொடியிலேயே அழிந்தும் போகும். தோன்றி மறையும் அதனை அளந்து காட்டுதல் எங்ஙனம்? இவ்விடரைத் தீர்க்கப் பெர்லினில் பெல்ட்பர்க்கும் அவர்தம் நண்பர்களும் ஒரு வழி கண்டனர். குருதி உறிஞ்சும் அட்டையின் முதுகுத் தசையை எடுத்து, ஈசரின் என்னும் மருந்தில் நனைத்தனர். ஈசரின் அசிட்டைல்கோலினை அழியவிடாது காக்கும். அட்டையின் தசையோ அப்பொருள் அணுவளவு பட்டாலும் சுருங்கும். நாம் அருவருத்து ஒதுக்கும் அட்டை இங்ஙனம் அறிவியலின் நுண்ணிய துலாக்கோலாயிற்று.

நாடிழந்த நாள்

1933ஆம் ஆண்டில் செருமனியின் ஆட்சி இட்லரின் கைப்பட்டது. யூத குலத்திற் பிறந்தோர் அரசுப் பணிகளினின்று நீக்கப்பட வேண்டும் என ஏப்ரல் திங்களில் சட்டம் பிறந்தது. உடலியல் நிலையத்தின் தலைவர் பெல்ட்பர்க்கை அழைத்து, அன்று நண்பகலுக்குள் நிலையத்தை விட்டு வெளியேறுமாறு கூறினார். தொடங்கிய ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருக்கின்றதே எனப் பெல்ட்பர்க் எடுத்துரைக்க, நள்ளிரவு வரை இருந்து முடித்துச் செல்க எனச் சிறிது தளர்த்தினார். தம் பிழைப்பே பறிபோன அந்நாளிலும் அவர் எண்ணியது கையிலிருந்த ஆய்வைப் பற்றியே என்பது நினைந்து பார்க்கத் தக்கது.

மனைவியும் இரு குழந்தைகளும் உடைய அவர், செய்வதறியாது சில வாரங்களைக் கழித்தார். அப்பொழுது இராக்குபெல்லர் அறக்கட்டளையின் சார்பாளர் ஒருவர் பெர்லினுக்கு வந்திருந்தார். பெல்ட்பர்க் அவரைக் கண்டு உதவி வேண்டினார். திரும்பிச் செல்லப் பணியிடம் இல்லாதவர்க்கு உதவத் தம் விதிகள் இடந்தரவில்லை என அவர் வருந்திக் கூறினார். பின்னர், அப்பெயரை எங்கோ கேட்டதுபோல் தோன்ற, தம் குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் இலண்டனினின்று என்றி தேல் சொல்லியனுப்பிய செய்தி ஒன்று இருந்தது. பெல்ட்பர்க்கைப் பெர்லினில் காண நேர்ந்து, அவர் பணியிழந்திருப்பின், தம்மிடம் வந்து பணிபுரியுமாறு கூறவேண்டும் என்பதே அச்செய்தி. தகுதியுடைய மாணாக்கனை ஆசான் மறவாத பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

1933ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெல்ட்பர்க் குடும்பத்துடன் இலண்டன் சேர்ந்தார். அவர் கொண்டு சென்ற பெருஞ்செல்வம் அட்டைத் தசையைக் கையாளும் அறிவேயாகும்.

இலண்டனில் மூன்றாண்டுகள்

தேலின் ஆய்வுக்கூடத்தில் பெல்ட்பர்க் இருந்த காலம் மூன்றாண்டுகளே. அம்மூன்றாண்டுகளில் அவர் பிறருடன் கூடி வெளியிட்ட ஆய்வுரைகள் இருபதுக்கு மேற்பட்டவை. நரம்பு முடிச்சுகளிலும், இரைப்பைக்குச் செல்லும் நரம்பின் முனைகளிலும் அசிட்டைல்கோலினே தூதுவராய் நிற்கின்றது எனக் காட்டப்பட்டது. பூனையின் உள்ளங்காலில் உள்ள வியர்வைச் சுரப்பிகளுக்கு நரம்பின் ஆணையைக் கொண்டுசெல்வதும் அதுவே என 1934ஆம் ஆண்டில் தேலும் பெல்ட்பர்க்கும் நிறுவினர். நாம் விருப்புடன் அசைக்கும் தசைகளும் அத்தூதுவராலேயே இயங்குகின்றன என 1936ஆம் ஆண்டில் தேல், பெல்ட்பர்க், மார்த்தா வாக்ட்டு ஆகிய மூவரும் நிலைநாட்டினர். மார்த்தா வாக்ட்டு அம்மையாரும் செருமனியினின்று வெளியேறி வந்தவரே.

அவ்வாண்டிலேயே தேலுக்கும் இலேவிக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. பெல்ட்பர்க்கின் பெயர் அப்பரிசில் இடம்பெறவில்லை. எனினும், அப்பரிசுக்குரிய உண்மைகளை உறுதி செய்ததில் அவர் கைத்திறனுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை அறிவுலகம் ஒப்புகின்றது.

1936ஆம் ஆண்டில் அவர் ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகர்க்குச் சென்று, கெல்லவே என்னும் அறிஞருடன் நல்லபாம்பின் நஞ்சு முதலியவற்றை ஆராய்ந்தார். நஞ்சு உடலணுக்களைத் தாக்கும்போது இசுட்டமின் என்னும் பொருளும், தசையை மெல்லச் சுருக்கும் வேறொரு பொருளும் வெளிப்படுதலை அவர்கள் கண்டனர். அவ்வேறொரு பொருளுக்கு ஈளைநோயில் பங்குண்டு என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னர்த் தெளிவாயிற்று. 1938ஆம் ஆண்டில் பெல்ட்பர்க் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அகதியாய் வந்தவரை அந்நாடு தன் அவையில் அமர்த்திய நிகழ்ச்சி அது.

மூளையினுள் ஒரு வாயில்

1949ஆம் ஆண்டில் இலண்டனின் மில் இல் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் உடலியல், மருந்தியல் பிரிவின் தலைமையைப் பெல்ட்பர்க் ஏற்றார். உடலின் புற உறுப்புகளில் தூதுவரைக் கண்டாயிற்று. இனி மூளையினுள்ளே அவர்களைக் காணவேண்டும் என்பது அவர் நோக்கம்.

இவ்வழியில் முன்னரே அடியெடுத்து வைத்தவர் நம் நாட்டவர் ஒருவர் ஆவார். அமராவதியிற் பிறந்த பாலச்சந்திர பாபாஜி தீட்சித் என்பார், பூனையின் மூளை அறைகளில் மிகச் சிறிதளவு அசிட்டைல்கோலினைச் செலுத்தி, அஃது உறக்கம் போன்ற நிலையை விளைத்தலை 1934ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற்காலத்தில் 1956ஆம் ஆண்டு புதுதில்லியில் அமைந்த அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தின் முதல் இயக்குநரானவர் அவரே.

குருதி வழியாகச் செலுத்தும் மருந்துகள் பல மூளையை எளிதிற் சேர்வதில்லை. இடையே ஒரு தடுப்பு அவற்றை மறிக்கின்றது. ஆதலின், மூளையின் நடுவே தெளிநீர் நிறைந்து விளங்கும் அறைகளுக்கே நேர்வழி தேடினார் பெல்ட்பர்க். 1950க்குப் பிந்திய ஆண்டுகளில், செர்வுட்டு என்னும் அறுவை மருத்துவருடன் சேர்ந்து அவர் ஒரு முறையை வகுத்தார். பூனைக்கு மயக்கமருந்து கொடுத்து, மண்டையோட்டின் வழியே மூளையறை வரை செல்லும் ஒரு நுண்குழாயைப் பொருத்தினர். புண் ஆறியபின் பூனை வழக்கம்போல் உண்டும் உலாவியும் வந்தது. மூளைத்திசுவுக்கு நோவுணர்வு இன்மையின், அக்குழாய் வழியே மருந்தை இடும்போது பூனையை மயக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. விழித்திருக்கும் உயிரின் மூளையில் ஒரு மருந்து யாது செய்கின்றது என்பதைக் கண்ணாற் காணும் வாய்ப்பு இங்ஙனம் கிட்டியது.

வெம்மையின் மறைபொருள்

ஏறத்தாழ அக்காலத்தில் வேறு அறிஞர்கள் ஒரு செய்தியைக் கண்டறிந்தனர். ஹைபோதலாமசில் நார்அட்ரினலின், செரோட்டோனின் என்னும் இரு பொருள்கள் மிகுதியாக உள்ளன என்பதே அச்செய்தி. நார்அட்ரினலின் அங்கு மிகுந்திருத்தலை 1954ஆம் ஆண்டில் காட்டியவர் முன்னர்க் கூறப்பட்ட மார்த்தா வாக்ட்டு அம்மையாரே. பொருள் இருக்கின்றது, அதன் தொழில் யாது? இவ்வினாவைப் பெல்ட்பர்க் எடுத்துக்கொண்டார். அமெரிக்காவினின்று வந்த மையர்சு என்னும் ஆய்வாளர் அவருக்குத் துணைநின்றார்.

அவர்கள் பூனையின் மூளையறையில் சிறிது செரோட்டோனினைச் செலுத்தினர். அதன் அளவு ஒரு கிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவே. சிறிது நேரத்திற் பூனை நடுங்கத் தொடங்கிற்று, காதின் குருதிக் குழாய்கள் சுருங்கின, உடல்வெப்பம் ஏறிற்று. மற்றொரு நாள் நார்அட்ரினலினைச் செலுத்தினர். நடுக்கம் இல்லை, காதின் குழாய்கள் விரிந்தன, உடல்வெப்பம் இறங்கிற்று. அட்ரினலினும் அவ்வாறே வெப்பத்தைத் தாழ்த்திற்று. நுண்ணுயிரிப் பொருளால் காய்ச்சல் கண்ட பூனைக்கு அட்ரினலினையோ நார்அட்ரினலினையோ கொடுத்தபோது காய்ச்சலும் தணிந்தது. பின்னர் ஹைபோதலாமசின் முன்பகுதியிலேயே மிக நுண்ணிய அளவில் இவற்றை இட்டுப் பார்த்தனர். ஆங்கும் விளைவு அதுவேயாயிற்று.

இவ்வுண்மையை அடுப்பொன்றின் உவமையால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். சோறு வேகும்போது தாய் அனல் குறைந்தால் விறகை உள்ளே தள்ளுகின்றாள். மிகுந்தால் வெளியே இழுக்கின்றாள். பூனையின் மூளையில் விறகைத் தள்ளும் கை செரோட்டோனின். இழுக்கும் கை நார்அட்ரினலின். இரண்டும் அளவோடு இயங்குதலால் உடல்வெப்பம் நிலைநிற்கின்றது. இக்கொள்கையைப் பெல்ட்பர்க்கும் மையர்சும் 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். அதுவரை வெப்பத்தை ஆளும் இடத்தை மட்டுமே அறிந்திருந்த உலகம், அவ்விடத்தில் ஆளும் பொருள்களையும் முதன்முறையாக எண்ணத் தலைப்பட்டது.

முயல் எழுப்பிய வினா

ஆனால், இயற்கை தன் மறைகளை அத்துணை எளிதில் முற்றும் வெளியிடுவதில்லை. 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேறோர் ஆய்வுக்குழுவினர் இதே ஆய்வை முயலிடத்து நிகழ்த்தினர். முயலில் நார்அட்ரினலின் வெப்பத்தை ஏற்றிற்று, செரோட்டோனின் இறக்கிற்று. பூனையிற் கண்டதற்கு முற்றும் மாறான விளைவு இது. பெல்ட்பர்க்கின் கூடத்தில் நாயையும் குரங்கையும் ஆய்ந்தபோது, அவை பெரும்பாலும் பூனையைப் போன்றே இருந்தன.

ஒரு விலங்கிற் கண்ட உண்மையை எல்லா உயிர்க்கும் பொதுவெனக் கொள்ளுதல் பிழையாகும் என்பதை இம்மாறுபாடு அறிவுறுத்திற்று. தம் கொள்கையே முடிந்த முடிபு எனப் பெல்ட்பர்க் பிடிவாதங் கொண்டாரல்லர். மேலும் மேலும் ஆய்ந்தார். மூளையறையின் நீர்மத்தில் சுண்ணகச் சத்தாகிய கால்சியம் நீங்கினால் வெப்பம் ஏறுதலையும், கால்சியம் இருப்பின் அவ்வேற்றம் தடைப்படுதலையும் 1970ஆம் ஆண்டில் மையர்சு, வீல் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டார். வெப்பத்தை உணரும் நரம்பணுக்களும் பலவகைத் தூதுவர்களும் கூடி நிகழ்த்தும் ஆட்சியே இஃது என்றும், இரு பொருள்களின் ஏற்றத்தாழ்வு மட்டுமே அன்று என்றும் இன்றைய அறிவியல் கொள்கின்றது. எனினும், அந்நெடுவழியின் முதற்கல்லை நட்டவர் பெல்ட்பர்க்கே.

காய்ச்சலும் ஆஸ்பிரினும்

காய்ச்சலின் மறைபொருளும் அவ்வாய்வுக்கூடங்களிலேயே துலங்கிற்று. பிராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் வகையுள் ஒன்றைப் பூனையின் மூளையறையிற் செலுத்தினால் கடுங்காய்ச்சல் தோன்றுதலை 1970ஆம் ஆண்டளவில் மில்டன், வெண்ட்லாண்டு என்னும் இருவர் கண்டனர். மறு ஆண்டில் பெல்ட்பர்க், இந்தியாவினின்று சென்றிருந்த சக்சேனாவுடன் கூடி அதனை மேலும் ஆராய்ந்தார். பூனை, முயல், எலி ஆகிய மூன்றிலும் அப்பொருள் வெப்பத்தை ஏற்றியது. மற்றத் தூதுவரைப் போல உயிருக்கு உயிர் மாறுபடாமல், இஃது ஒருமுகமாய் நின்றமை குறிப்பிடத் தக்கது. குப்தா என்னும் மற்றோர் இந்திய அறிஞருடன் சேர்ந்து, காய்ச்சல் கண்ட பூனையின் மூளைநீரில் அப்பொருள் மிகுதலையும், காய்ச்சல் தணிக்கும் மருந்தால் அது குறைதலையும் 1973ஆம் ஆண்டில் காட்டினார்.

இதற்கிடையே 1971ஆம் ஆண்டில் சான் வேன் என்னும் அறிஞர், உடலில் பிராஸ்டாகிளாண்டின் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கின்றது எனக் கண்டார். இரு கண்டுபிடிப்புகளும் பூட்டும் திறவுகோலும் போல் பொருந்தின. நோய்க்கிருமி புகுந்தவுடன் உடல் பிராஸ்டாகிளாண்டினை ஆக்குகின்றது. அது ஹைபோதலாமசின் அளவுகோலை உயர்த்துகின்றது. ஆதலின் உடலுக்கு வழக்கமான வெப்பமே குளிராகத் தோன்ற, நாம் போர்வை போர்த்தி நடுங்குகின்றோம். ஆஸ்பிரின் போன்ற மருந்து அப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றது. அளவுகோல் பழைய நிலைக்கு இறங்குகின்றது. வியர்வை பெருகிக் காய்ச்சல் விடுகின்றது. காய்ச்சல் தணியும்போது வியர்த்தல் ஏன் என்னும் வினாவிற்கு விடை இதுவே.

பகைக்கு மாற்றாக நட்பு

உலகப்போர் முடிந்தபின், இட்லர் ஆட்சியில் பணியிழந்தோர்க்குச் செருமனி அரசு இழப்பீடு வழங்கிற்று. பெல்ட்பர்க்கிற்கும் அத்தொகை கிடைத்தது. தம்மைத் துரத்திய நாட்டின் பொருள் அது. அதனை அவர் தம் நலத்திற்கு வைத்துக்கொள்ளவில்லை, சினங்கொண்டு மறுக்கவுமில்லை. 1961ஆம் ஆண்டில் அதனைக் கொண்டு ஓர் அறக்கட்டளை நிறுவினார். செருமானிய அறிஞர் இங்கிலாந்திலும், ஆங்கில அறிஞர் செருமனியிலும் சென்று சொற்பொழிவாற்றி உறவாடுதற்கு அவ்வறக்கட்டளை பரிசில் நல்குகின்றது. இன்னா செய்தார்க்கும் இனியவை செய்யும் சால்பு இதுவன்றோ!

முதுமையும் ஒரு படிப்பினையும்

தலைமைப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் பெல்ட்பர்க் ஆய்வுக்கூடத்தை விட்டகலவில்லை. எண்பது வயதைக் கடந்தும் நாடோறும் ஆங்கு வந்து ஆராய்ந்தார். அம்முதுமைக்காலமே அவர் புகழின்மேல் ஒரு நிழலையும் படரவிட்டது. குருதிச் சர்க்கரை பற்றி அவர் அப்பொழுது முயல்களைக் கொண்டு ஆராய்ந்துவந்தார். விலங்குநலம் பேணும் இயக்கத்தார் இருவர் ஆங்குச் சென்று, முயல்கள் போதிய மயக்கமின்றி ஆய்வுக்கு உட்படுத்தப்படுதலைப் படம்பிடித்து வெளியிட்டனர். உசாவல் நிகழ்ந்தது, அக்குற்றச்சாட்டு உண்மையெனக் காணப்பட்டது. 1990ஆம் ஆண்டில் அவர்தம் ஆய்வு முடிவுற்றது. அறுபத்தைந்து ஆண்டுகள் நீண்ட பணி அங்ஙனம் முடிந்தமை வருந்தத் தக்கதே. ஆயினும் வாய்பேசா உயிர்கள் நொந்ததும் அதனினும் குறையாது வருந்தத் தக்கதேயாகும். 1993ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

அறிவு வேட்கையும் அருளுடைமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. விலங்குகளின் வாயிலாகவே மாந்தர் பிணி தீர்க்கும் உண்மைகள் பல வெளிப்பட்டன. அதனாலேயே அவ்விலங்குகளுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். இக்கடனை உணர்ந்தே நம் நாட்டில் 1960ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முதன்மையாக உழைத்தவர் சென்னைக் கலாசேத்திரத்தைக் கண்ட உருக்குமிணி தேவி அருண்டேல் அம்மையார் ஆவார். அச்சட்டத்தின் வழி 1962ஆம் ஆண்டில் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்துவோர் அதற்குத் தேவையற்ற துன்பம் நேராமற் காத்தல் வேண்டும் என அச்சட்டம் விதிக்கின்றது. எத்துணைப் பெரிய அறிஞரும் இக்கடமைக்கு விலக்கானவர் அல்லர்.

பிறந்த மண் துரத்தியபோதும் மனந்தளராத உறுதி. பரிசு பிறரைச் சேர்ந்தபோதும் குன்றாத ஊக்கம். தம் முடிபுக்கு மாறான உண்மை தோன்றியபோது மேலும் ஆராயும் நேர்மை. பகைத்த நாட்டோடும் நட்புப் பாலம் அமைத்த பெருந்தகைமை—இவை பெல்ட்பர்க்கின் வாழ்விற் கண்டு கைக்கொள்ளத் தக்கன. கருவியையும் அறிவையும் கையாளுங்கால் பிறவுயிரின் நோவை ஒருபொழுதும் மறத்தலாகாது என்பது அவ்வாழ்வின் இறுதிப்பகுதி உணர்த்தும் பாடம். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் கைவைத்துப் பார்க்கும் தாய், மாத்திரையொன்று கொடுத்துச் சிறிது நேரத்தில் வியர்வை அரும்பக்கண்டு மனம் ஆறுகின்றாள். அம்மாத்திரை வெம்மையைத் தணிக்கும் வழியைத் துலக்கியதில் ஆம்பர்க்கில் தோன்றி அயல்நாட்டில் வாழ்ந்த அவ்வறிஞரின் உழைப்பும், பெயர் அறியா விலங்குகள் பலவற்றின் உயிரும் கலந்துள்ளன.